திரும்பி வந்த செக்கும் முப்பது நாளும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள். மூட்டுவலி குறைந்து இப்போது தானே நடந்து போய் வருகிறார்கள்.

சரி, உன் செக் விஷயம். பார்ட்டி கொடுத்த நாலு லட்சம் ரூபாய் செக் பணம் இல்லை என்று திரும்பிவிட்டது, ‘அடுத்த வாரம் மறுபடி போடுங்கள்’ என்கிறார், பழகின மனுஷன் என்பதால் நோட்டீஸ் விட மனசு வரவில்லை என்று எழுதியிருந்தாய். தொழிலில் முகதாட்சண்யம் இல்லாமல் இருக்க முடியாதுதான். ஆனால் நீ பொறுத்துப்போகும் ஒவ்வொரு நாளும் உன் உரிமையில்தான் குறைகிறது. அதனால் பேசுவது பேசிக்கொண்டே இரு, நாள் கணக்கை மட்டும் விடாதே.

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு போட்டிருக்கும் கணக்கு இது. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உனக்குக் கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மார்ச் 5 அன்று ரிட்டர்ன் மெமோ (செக் திரும்பியதற்கு வங்கி தரும் சீட்டு) கைக்கு வந்தால் ஏப்ரல் 4 கடைசி நாள். நோட்டீஸ் அவருக்குக் கிடைத்த பிறகு பணம் கட்ட 15 நாள் அவகாசம். அதற்குள் கட்டவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். மெமோ வந்த தேதியை இன்றைக்கே எழுதி வை. நோட்டீஸை ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு சரியான முகவரிக்கு அனுப்பு. அவர் வாங்காமல் திருப்பி அனுப்பினால் அந்தக் கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொள்.

மறுபடி போடலாமா என்று கேட்டாய். போடலாம், ஆனால் செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள். மறுபடி திரும்பினால் அந்த மெமோவை வைத்தும் நோட்டீஸ் அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. மூன்று மாதம் தாண்டினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

உன் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி. செக் திரும்பிய பிறகு ஐம்பதாயிரம் ஜிபேயில் அனுப்பினார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். வாங்கியது தப்பில்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு அதே நாலு லட்சம் செக்கை மறுபடி வங்கியில் போட்டுவிடாதே. பாக்கி இப்போது மூன்றரை லட்சம்தான். செக் கொடுத்த பிறகு ஒரு பகுதி பணம் வந்திருந்தால் அதைச் செக்கிலேயே குறித்திருக்க வேண்டும், குறிக்காமல் முழுத் தொகைக்குப் போட்டுத் திரும்பினால் 138இன் கீழ் குற்றம் ஆகாது என்பது 2022இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். ஆகவே மூன்றரை லட்சத்துக்குப் புதுச் செக் கேள். தர மறுத்தால் முதல் மெமோவை வைத்தே நோட்டீஸ் விடு. செக் எவ்வளவு, வரவு வைத்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று தனித்தனியாகத் தெளிவாக இருக்கட்டும். வட்டி கேட்டால் அதையும் தனியாகக் காட்டு. எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாமல் போகலாம்.

அப்புறம், செக் கம்பெனிப் பெயரில் உள்ளதா, அவர் சொந்தப் பெயரிலா என்று பார். கம்பெனி செக் என்றால் நோட்டீஸிலும் புகாரிலும் கம்பெனி பெயர் இருந்தே ஆக வேண்டும், கையெழுத்துப் போட்டவர் மட்டும் போதாது.

கோர்ட்டுக்குப் போனால் அவர் ஊருக்கு அலைய வேண்டுமோ என்ற பயம் வேண்டாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு, உன் கணக்கு இருக்கும் வங்கிக் கிளை எந்த எல்லையில் இருக்கிறதோ அங்கேயே வழக்கு. தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2018இல் வந்த 143ஏ பிரிவு. வழக்கு முடியும் முன்பே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்றில்லை, ஆனாலும் வக்கீலிடம் மனுப் போடச் சொல். நடுவில் எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளலாம் என்பதால், நோட்டீஸ் விட்டால் உறவு அறுந்துவிடும் என்று நினைக்காதே. நோட்டீஸ் கண்டதும் பணத்தைப் புரட்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

பில், டெலிவரி சலான், லெட்ஜர் நகல், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேர்த்து வை. செக்கின் இரண்டு பக்கமும் மெமோவும் படமெடுத்து எனக்கு அனுப்பு, தேதிகளைப் பார்த்துச் சொல்கிறேன். வக்கீலை இந்த வாரமே பார்த்துவிடு.

அன்புடன்,
உன் நண்பன்