வாடகை முன்பணமும் அம்மாவின் பல் செட்டும்: தமிழ்நாடு அரசுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு முதலமைச்சர் அவர்களுக்கும், வீட்டுவசதி, மக்கள் நல்வாழ்வுத் துறைகளின் அமைச்சர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நான் திருப்பூரில் வாடகை வீட்டில் குடியிருக்கும் பனியன் தொழிலாளி. சென்ற மாதம் வீடு மாற வேண்டி வந்தது. புதிய வீட்டுக்கு வாடகை 7,000 ரூபாய், முன்பணம் 50,000. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்பது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தங்கள் வாடகைச் சட்டத்தின் விதி. அதன்படி நான் 21,000 ரூபாய் தந்திருந்தால் போதும். கூடுதலாகத் தந்த 29,000 ரூபாய், என் அம்மாவுக்குப் பல் செட் கட்டுவதற்காக இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணம்.

அம்மாவுக்குக் கீழ்வரிசையில் இரண்டு பற்களே மிச்சம். இட்லியைப் பாலில் ஊறவைத்துத்தான் விழுங்குகிறார். கல்யாண வீடுகளுக்கு வந்தாலும் வயிறு சரியில்லை என்று சொல்லிப் பந்தியில் உட்காருவதில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக முந்தானையை வாய்க்குக் கொண்டுபோகிறது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். ஆடிக்கொண்டிருந்த பற்களைக் காசில்லாமல் பிடுங்கினார்கள்; அதற்கு நன்றியுடையவன். பல் செட் இங்கே கட்டுவதில்லை, வெளியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன. அளவெடுக்க ஒரு முறை, பொருத்திப் பார்க்க ஒரு முறை, உறுத்தும் இடத்தைத் தேய்க்க மீண்டும் ஒரு முறை என்று எழுபது வயது மூதாட்டியைப் பேருந்தில் அலைக்கழிக்க, நாள்கூலிக்காரனால் எத்தனை நாள் வேலையை விட முடியும்?

பழைய வீட்டு முன்பணமாவது வந்தால் சமாளிக்கலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித்தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. வெள்ளையடிக்கும் செலவென்றும் தாழ்ப்பாள் செலவென்றும் கழித்துக்கொண்டு, மீதிக்கு நாள் கடத்துகிறார் உரிமையாளர். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யலாமா என்று அன்று நான் கேட்டபோது, அப்படியானால் வேறு வீடு பாருங்கள் என்றவர் அவர். கைக்குழந்தையோடும் வயதான தாயோடும் நிற்பவன் அதற்கு மேல் என்ன பேச முடியும்? மூன்று மாத வரம்பு என்று எழுதிய அதே பிரிவில், ஒப்பந்தம் வேறுவிதமாக இருந்தாலன்றி என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை எழுதுபவர் வீட்டுக்காரர், ஐயா. நாங்கள் கையெழுத்துப் போடுகிறவர்கள். அந்த ஒரு சொற்றொடர் எங்களுக்கிருந்த பாதுகாப்பு முழுவதையும் பறித்துவிடுகிறது.

ஆகவே அந்த விலக்கை நீக்கி, மூன்று மாத வரம்பை எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாக்குங்கள். பதிவு செய்ய மறுப்பவர் உரிமையாளர் என்றால், அதன் பாதிப்பு வாடகைதாரர் தலையில் விழாதபடி, இந்தச் சட்டத்தின்படி வாடகைத் தகராறுகளைப் பார்க்கும் வாடகை அதிகாரி எங்கள் புகாரை ஏற்று முன்பணத்தை மீட்டுத்தர வழி செய்யுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் பல் செட் கட்டித்தரும் ஆய்வகம் அமையுங்கள். பல்லைப் பிடுங்குவதோடு அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. மூன்று மாத வரம்பை மட்டுமாவது உடனடியாகக் கட்டாயமாக்கும்படி மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் வாடகைதாரர் ஒருவர்