பத்தில் ஒரு பங்கு: உலக நாடுகளின் நிதியமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிதியமைச்சர்களுக்கு வணக்கம்.

இதைக் கல்வி அமைச்சர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. பள்ளி சேரும் வயதுக்கு முன்னால் ஒரு குழந்தைக்கு நல்ல பராமரிப்பும் கல்வியும் வேண்டும் என்பதில் கல்வித்துறையில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. கற்றல் பிறப்பிலிருந்தே தொடங்குகிறது என்று 1990இல் தாய்லாந்தின் ஜோம்தியனில் நடந்த உலகக் கல்வி மாநாட்டில் சொன்னார்கள், 2000இல் செனகலின் டாக்கரில் கூடி அதை முதல் இலக்காகவே வைத்தார்கள், 2015இல் ஐநாவின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 4.2 என்று எண் கொடுத்து 2030 வரை கெடுவும் வைத்தார்கள், அப்புறம் 2022இல் உஸ்பெகிஸ்தானின் தாஷ்கண்டில் கூடி, கல்விச் செலவில் குறைந்தது 10 சதவீதத்தை முன்பருவக் கல்விக்கு, அதாவது ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய கல்விக்கு, ஒதுக்குவோம் என்று உறுதியும் எடுத்தார்கள். அந்த உறுதி பட்ஜெட்டாக மாற வேண்டிய இடம் உங்கள் மேசை. பல நாடுகளில் அது அங்கேயே நின்றுவிடுகிறது.

யுனிசெஃப் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, முன்பருவ வகுப்புக்குப் போக வேண்டிய வயதில் எங்கும் சேராத குழந்தைகள் 17.5 கோடிக்கும் மேல். அந்த வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி. வருமானம் குறைந்த நாடுகளில் பத்தில் எட்டுப் பேர் வெளியேதான் இருக்கிறார்கள்.

நீங்கள் ஒதுக்காததால் அந்தச் செலவு மிச்சமாகிவிடவில்லை. அம்மா வேலையை விடுகிறார், இல்லையென்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா பள்ளியை விடுகிறாள், இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் குழந்தை தனியாகக் கிடக்கிறது. அரசு கொடுக்காததை ஏழைக் குடும்பத்துப் பெண்கள் தங்கள் வருமானத்தாலும் படிப்பாலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரிய கட்டடம் கட்ட எங்கே போவது என்று கேட்பீர்கள். ஜமைக்காவைப் பாருங்கள். 1986-87இல் கிங்ஸ்டன் நகரில் வளர்ச்சி குன்றிய 129 சின்னக் குழந்தைகளோடு ஓர் ஆய்வு தொடங்கியது. அதில் ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு, சமூகச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் வந்தார். கையில் வீணான பொருள்களால் செய்த பொம்மைகள். அம்மாவோடு தரையில் உட்கார்ந்து, குழந்தையிடம் எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று காட்டினார், பொம்மையை விட்டுவிட்டுப் போய் அடுத்த வாரம் வேறொன்றைக் கொண்டுவந்து மாற்றினார். இரண்டு வருடம் இது நடந்தது. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், அப்படி யாரும் வராத வீட்டுப் பிள்ளைகளைவிட இவர்களின் சம்பாத்தியம் 25 சதவீதம் அதிகம். வருவாய்க் கணக்குப் பார்க்கும் உங்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஆனால் அந்தப் பணியாளர் முக்கியம். வகுப்பு வாசலில் அழுகிற பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து பேசுகிற, இன்னொரு பிள்ளை இந்தக் குவளையிலிருந்து அந்தக் குவளைக்குத் தண்ணீர் ஊற்றும்போது "எதுல நிறைய இருக்கு?" என்று கேட்டுக் கணக்கை விளையாட்டாகவே ஆரம்பித்து வைக்கிற ஒருவர். நாற்பது பிள்ளைகளை ஒரே ஆளிடம் விட்டுவிட்டு இதை எதிர்பார்க்க முடியாது. முழுநாள் வேலை வாங்கிக்கொண்டு தன்னார்வலர் கணக்கில் ஏதோ கொஞ்சம் கொடுத்து அனுப்பினால், கற்றுத் தேறியவர்கள் வேறு வேலை பார்த்துப் போய்விடுவார்கள், பிள்ளைகளுக்கு மறுபடியும் புது முகம். அதனால் ஒதுக்கும் பணம் முதலில் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் போகட்டும். (மூன்று வயதுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்து எழுத்துப் பயிற்சி வாங்குவதற்காக இந்தப் பணத்தைக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இன்னொன்று. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை தொடக்கக் கல்வியை இலவசம், கட்டாயம் என்று சொன்னது. அதற்கு முந்தைய கல்விக்கு அப்படி ஒரு வார்த்தை அதில் இல்லை. அந்தக் குறையைச் சரிசெய்யும் புது நெறிமுறை ஒன்றை அந்த உடன்படிக்கையோடு சேர்ப்பது பற்றிப் பேச ஐநா மனித உரிமைப் பேரவை 2024இல் பணிக்குழு அமைத்திருக்கிறது. உங்கள் கருத்தைக் கேட்டு வெளியுறவுத் துறையிலிருந்து கோப்பு வந்தால், "கூடுதல் நிதிச்சுமை" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அடுத்த பட்ஜெட்டில் முன்பருவக் கல்விக்கென்று தனிச் செலவுத் தலைப்பு வையுங்கள், ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்று பெற்றோர் பார்க்கும்படி வெளியிடுங்கள்.