கண்ணாடிக்கு வெளியே நிழல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கன்னியாகுமரி, முட்டம், திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம் ஆகிய இடங்களுக்குக் கேரவன் வண்டிகளில் குடும்பத்தோடு வந்து தங்குவோரை இப்போது அடிக்கடி காண முடிகிறது. நிழலில்லாத திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்குள் குழந்தைகளும் முதியவர்களும் புழுங்குவதையும், ஏசிக்காக ஜெனரேட்டர் மணிக்கணக்கில் ஓடுவதையும் பார்க்க வருத்தமாக இருக்கிறது. வாகனங்களுக்கு இருக்கை உறையும் திரையும் தைக்கும் தொழிலில் உள்ளவன் என்ற முறையில் சில செய்திகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

திரை தைக்க வருபவர்கள் பெரும்பாலும் சன்னலின் உட்புறத்துக்கே கேட்கிறார்கள். மறைவுக்கு அது போதும், வெக்கைக்குப் போதாது. கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெயில் திரைத்துணியில் பட்டுச் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு கண்ணாடி வழியே எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்குகிறது. வெள்ளிப் பூச்சுள்ள அட்டையை உட்புறம் வைத்தால் வெயிலில் ஒரு பங்கு திரும்பிப் போகும் என்பது உண்மையே. மிச்சம் வண்டிக்குள்தான் இருக்கும். அதே மறைப்பைக் கண்ணாடிக்கு வெளியே, நான்கு விரல் இடைவெளி விட்டுக் கட்டினால், சூடேறுவது அந்த மறைப்பு மட்டுமே. அந்தச் சூட்டையும் கடற்காற்று கொண்டு போய்விடும். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நேராக விழும்போது அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டி எரியும் அளவு. எனவே, சாய்ந்து அகன்றிருக்கும் முன்கண்ணாடியைத்தான் முதலில் மூட வேண்டும்.

முன்கண்ணாடியைத் திறக்க இயலாது என்பதால் அதற்குக் கெட்டியான வெள்ளிநிறத் தார்ப்பாய் பொருந்தும். பக்கச் சன்னல்களுக்கு, நாற்றங்கால்களில் கட்டும், வெயிலில் 75 சதவீதத்தை மறைக்கும் நிழல்வலையே மேல் என்பது என் கருத்து. சன்னலைத் திறந்து வைத்தால் காற்று முற்றிலும் தடைபடாது. இரும்புப் பாடி என்றால் காந்தம் பிடிக்கும்; ஃபைபர் பாடிக்குக் கொக்கி வேண்டும். ஆடிக் காற்றில் வலை பிய்த்துக்கொண்டு போகாதிருக்க, கீழ்விளிம்பையும் கட்டுவது அவசியம். வண்டியை எடுக்கும் முன் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கறுப்புத்தாள் ஒட்டுவதை மாற்று வழியாகக் கருத முடியாது. முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி.

வண்டியை நிறுத்தும் திசையும் முக்கியம். சித்திரைப் பிறப்பையொட்டி நம் மாவட்டத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ நேர் தலைக்கு மேல் நிற்கிறது. அப்போது சன்னல்களைத் தாக்குவது காலை, மாலைச் சாய்வெயிலே. வண்டியின் நீளம் கிழக்கு மேற்காகவும், பிற்பகலில் தங்குவதானால் முகப்பு கிழக்கு நோக்கியும் இருந்தால், நீண்ட பக்கங்களிலுள்ள சன்னல்களும் முன்கண்ணாடியும் அந்திவெயிலுக்குத் தப்பும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை என்ற ஊரில், நிறுத்தி வைத்திருந்த கேரவனுக்குள் ஜெனரேட்டரிலிருந்து புகுந்த கார்பன் மோனாக்சைடு வாயுவால் இருவர் உயிரிழந்தனர். வெயிலை வெளியிலேயே தடுத்தால் ஏசி ஓட வேண்டிய நேரம் குறையும். உறங்கும்போது ஜெனரேட்டரை நிறுத்திவிடவும் துணிவு வரும்.

ஆனால், பல வாகன நிறுத்துமிடங்களில் கயிறு கட்ட ஒரு கம்பம்கூட இல்லை. எனவே கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் தொடங்கும் முன், பெரிய வண்டிகளுக்கான கட்டங்களைக் கிழக்கு மேற்காக வரையவும், வலை கட்டக் கம்பங்கள் நடவும், உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையையும் பூவரசையும் அவற்றின் மேற்கு ஓரத்தில் வளர்க்கவும் உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாகனத் திரை தைக்கும் தொழிலாளி,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.