மூன்று லட்சம் ஒரு நாள் தங்கினால் என்ன தப்பு? தனியார் வங்கி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தனியார் வங்கிகளில் சேமிப்புக் கணக்குப் பிரிவைக் கவனிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

மாதாந்திரச் சராசரி இருப்பு பத்தாயிரம் ரூபாய் இருக்க வேண்டும் என்கிறது கட்டண அட்டவணை. ஒவ்வொரு நாளின் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுத்தால் வருவதே சராசரி என்றும் அதே அட்டவணை விளக்குகிறது. அப்படியானால் முப்பது நாள் மாதத்தில் ஒரே ஓர் இரவு மூன்று லட்சம் ரூபாய் கணக்கில் கிடந்தால் போதும். மற்ற நாட்களில் கணக்கு துடைத்துவைத்தது போல இருக்கலாம். மறுநாள் அதே மூன்று லட்சம் இன்னொரு வங்கிக்குப் போய், அங்குள்ள நிபந்தனையையும் நிறைவேற்றிவிடும். வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2019 டிசம்பரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. 2020 ஜனவரியிலிருந்து சேமிப்புக் கணக்குக்காரர்கள் இணையவழியில் அனுப்பினால் அதற்குக் கட்டணமும் இல்லை. ஆக, ஒரே பணம் நான்கைந்து வங்கிகளில் ஊர்வலம் போகிறது. லாக்கர் வாடகைத் தள்ளுபடி, விமான நிலைய லவுஞ்ச், இலவச டிமாண்ட் டிராஃப்ட் என்று எல்லா வங்கிச் சலுகைகளும் ஒருவருக்கே வந்து சேர்கின்றன.

இது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. நான் ஈரோட்டில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுபவன். இப்படிப் பணத்தைச் சுற்றவிட்ட, என்னிடம் வருகிற ஒருவருக்கு அவருடைய வங்கி, “திட்டத்தின் நோக்கத்துக்கு மாறான பயன்பாடு” என்று செய்தி அனுப்பிச் சலுகைகளை நிறுத்திவிட்டது. மனிதர் கலங்கிப்போனார். ஏதோ மோசடியில் தன் பெயர் அடிபடுகிறது என்று நினைத்துவிட்டார். “நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை” என்று அவரிடம் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை உங்களிடமும் சொல்ல வேண்டும்.

அவர் யாரிடமும் பொய் சொல்லவில்லை. மூன்று லட்சம் இருந்ததாக உங்கள் ஏடு காட்டிய இரவில் மூன்று லட்சம் இருந்தது. அது அவருடைய சொந்தப் பணம். நிபந்தனையை எழுதியவர் நீங்கள். கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுத்தவரும் நீங்கள். சட்ட வல்லுநர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதும் ஒரு நிறுவனம், எழுதாத ஒரு ‘நோக்கத்தை’ எதிராளி ஊகித்து நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியா? இருப்பு குறைந்ததற்கு அபராதம் விதிக்கும்போது நீங்கள் என்றைக்காவது நோக்கத்தைப் பார்த்ததுண்டா? மருத்துவச் செலவுக்காகப் பணத்தை எடுத்தவருக்கும் எழுத்தில் உள்ள விதிதானே பாய்ந்தது?

இன்னொன்றும் உண்டு. ஒரு நாள் இருப்பைக் காட்டிக் கணக்கை நிறைக்கும் கலையில் எங்களுக்கு நீங்களே ஆசான்கள். மார்ச் கடைசி வாரத்தில் கிளை மேலாளர்கள் தெரிந்தவர்களையெல்லாம் அழைத்து, “முப்பத்தொன்றாம் தேதி வரை பணம் நம்ம கிளையில் இருக்கட்டும், ஏப்ரலில் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கெஞ்சுவது ஊரறிந்த வழக்கம். நிதியாண்டு முடிவில் வங்கிகளின் வைப்புத்தொகை வீங்குவதையும், ஏப்ரல் பிறந்ததும் வற்றுவதையும் ரிசர்வ் வங்கியின் இருவாரப் புள்ளிவிவரங்களிலேயே பல ஆண்டுகளில் காணலாம். உங்கள் இருப்புநிலைக் குறிப்பை நம்பிப் பங்கு வாங்குகிறவர்களுக்கு நீங்கள் காட்டுவதும் ஓர் இரவின் படம்தான்.

இதனால் எல்லாத் தந்திரத்துக்கும் நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்பளக் கணக்கின் சலுகைகளைத் தக்கவைத்துக்கொள்ள, வேலையே செய்யாத நிறுவனத்திலிருந்து ‘சம்பளம்’ என்று குறிப்பிட்டுப் பணம் அனுப்பச் சொல்லி, மறுவாரமே திருப்பிக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். என்னிடமே கேட்டிருக்கிறார்கள், முடியாது என்று சொல்லிவிட்டேன். அங்கே சம்பளம் என்ற குறிப்பே பொய். அதைப் பதிவதற்கு இன்னொருவருடைய கணக்குப் புத்தகத்தையும் கெடுக்க வேண்டும். சரக்கே கைமாறாமல் கடையில் கார்டைத் தேய்த்து, கமிஷன் போக மீதியை ரொக்கமாக வாங்குவதும் இந்த வகைதான்.

கிரெடிட் கார்டு வாடகை விவகாரத்தில் இந்தப் பொய் யார் தலையில் விடிந்தது என்று பாருங்கள். செயலி வழியாக மனைவிக்கும் நண்பனுக்கும் கார்டில் ‘வாடகை’ அனுப்பி, கார்டு தரும் பரிசுப் புள்ளிகளைக் குவித்தவர்கள் பலர். 2022 அக்டோபரில் ஐசிஐசிஐ வங்கி அத்தகைய பரிவர்த்தனைக்கு ஒரு சதவீதக் கட்டணம் விதித்தது. மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன. 2025 செப்டம்பரில் வாடிக்கையாளரிடம் பணம் வாங்கி வணிகருக்குச் சேர்க்கும் இடைநிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளுக்குப் பிறகு, முன்னணிச் செயலிகள் அந்தச் சேவையையே நிறுத்திவிட்டன. சம்பளம் தாமதமான மாதத்தில் உண்மையான வீட்டுக்காரருக்கு உண்மையான வாடகையைக் கார்டில் கட்டிச் சமாளித்தவருக்கும் கதவு அடைபட்டது. பொய்க் குறிப்பு எழுதும் கணக்குகளை நீங்கள் மூடினால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆனால் மூன்று லட்சம் வைத்திருப்பவரின் ஊர்வலத்தில் எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. அந்த வித்தையைச் செய்ய முதலில் மூன்று லட்சம் வேண்டும். அதை வைத்திருப்பவருக்குச் சலுகை. பத்தாயிரம்கூட இல்லாதவருக்கு அபராதம். திருப்பூரில் ஆர்டர் குறைந்து வேலை போன ஒரு டெய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் சம்பளம் வராவிட்டால் அவருடைய சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறிவிடும். அதுவரை இல்லாத குறைந்தபட்ச இருப்பு நிபந்தனை, வருமானம் நின்ற பிறகு அவர்மீது வந்து உட்காருகிறது. பொதுத்துறை வங்கிகள் மட்டுமே 2023-24 வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் சுமார் 8,500 கோடி ரூபாயை இந்த வகையில் வசூலித்ததாக அரசு மக்களவையில் தெரிவித்தது. அவற்றுள் பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, இந்தியன் வங்கி ஆகியவை 2025இல் கைவிட்டன. நீங்களோ அதே ஆண்டு ஆகஸ்டில் எதிர்த்திசையில் நடந்தீர்கள். பெருநகரப் புதுக் கணக்குகளுக்கு ஐம்பதாயிரம் என்று ஐசிஐசிஐ வங்கி அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே பதினைந்தாயிரத்துக்கு இறங்கியது. இது வங்கிகளின் முடிவு என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் ஒதுங்கிக்கொண்டார். உங்கள் முடிவு என்பதால்தான் மடலும் உங்களுக்கே வருகிறது.

பணம் மாதம் முழுக்கத் தங்க வேண்டுமென்றால், சராசரி என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘எந்த நாளிலும் இருப்பு இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது’ என்று சலுகைக் கணக்குகளுக்கு எழுதிவிடுங்கள். வேண்டாதவர் விலகிக்கொள்வார். அதே கண்டிப்பைச் சாதாரணக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கே அபராதத்தையே எடுத்துவிடுங்கள். அதுவரைக்கும், பற்றாக்குறைக்கு ஏற்ற விகிதத்தில்தான் அபராதம், முன்கூட்டியே தகவல், அபராதத்தால் மட்டும் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்று 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளைக் கணக்குத் தொடங்கும் படிவத்திலேயே தமிழில் அச்சிடுங்கள். ‘நோக்கத்துக்கு மாறான’ என்ற வாசகத்தைச் செய்திகளில் பயன்படுத்தும்போது, எந்த விதி, எந்தத் தேதி, எந்தப் பரிவர்த்தனை என்று மூன்றையும் குறிப்பிடுங்கள். குறிப்பிட முடியவில்லையென்றால் என் வாடிக்கையாளரின் லாக்கர் தள்ளுபடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து ஒரு கணக்கர்