பொருள்: அரசு சேவைத் தளத்தின் எஸ்எஸ்எல் சான்றிதழைக் காலாவதியாக விட்டது குறித்த புகார்

பெறுநர்:
குறைதீர்ப்பு மேலாளர்,
இணையதளப் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனம்.

ஐயா,

பட்டுக்கோட்டையில் சின்னதாக ஒரு நெட் சென்டர் நடத்துகிறேன். நீங்கள் பராமரிக்கும் தளத்தில் வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பிப்பதுதான் கல்லூரிச் சேர்க்கை சமயத்தில் என் முக்கால்வாசி வேலை. கடந்த திங்கட்கிழமை காலை தளத்தைத் திறந்தால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் மறித்துவிட்டது. தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டி, இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் ஞாயிறு நள்ளிரவோடு காலாவதி.

சர்வர் டவுன் என்றால் பொறுத்துக்கொள்வேன். ரிசல்ட் நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் எந்தத் தளமும் திணறத்தான் செய்யும். இது அப்படியா? முடியும் தேதி சான்றிதழ் வாங்கிய அன்றே அதில் இருக்கிறது.

உங்கள் உதவி எண்ணில் கிடைத்த பதில்தான் எல்லாவற்றையும்விட மோசம். "அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அதை அமுக்கி உள்ளே போங்க சார், ஒண்ணும் ஆகாது." ஆதார் எண்ணும் ஓடிபியும் போடுகிற தளம் ஐயா இது! அந்த எச்சரிக்கை வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள் என்று நான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்களோ அதை மீறப் பழக்குகிறீர்கள். நாளைக்குப் போலித் தளம் ஒன்றில் இதே எச்சரிக்கை வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? அன்று யாருடைய விண்ணப்பத்தையும் நான் ஏற்றவில்லை. மாலையில்தான் சரியானது. அதுவரை ஒரு வரி அறிவிப்பு கிடையாது.

2018 டிசம்பரில் நிதி ஒதுக்கீட்டுத் தகராறால் தொடங்கிய அமெரிக்க அரசு முடக்கத்தின்போது 80க்கும் மேற்பட்ட அரசுத் தளச் சான்றிதழ்கள் இப்படித்தான் காலாவதியாயின. ஊழியர்கள் பலர் சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம் அது. உங்கள் அலுவலகம் திறந்துதானே இருந்தது?

2029 மார்ச்சிலிருந்து புதிய சான்றிதழின் அதிகபட்ச ஆயுளே 47 நாள்தான். யாரோ ஒருவர் காலண்டரைப் பார்த்துக் கையால் புதுப்பிப்பதெல்லாம் அப்போது நடக்காது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு, தானாகப் புதுப்பிக்கும்படி இந்தச் சான்றிதழை இலவசமாகவே தருகிறது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களுக்கும் அந்த வசதி உண்டு. அதைப் போடுங்கள். போட்ட பிறகும், புதுப்பிக்கத் தவறினால் இரண்டு பேருக்காவது முன்கூட்டியே எச்சரிக்கை போகட்டும். அப்புறம், உதவி எண்ணில் இருப்பவர்கள் அந்த 'அட்வான்ஸ்டு' யோசனையை இனி யாருக்கும் சொல்லக் கூடாது.

என்ன செய்தீர்கள் என்று 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். இதன் நகலைத் துறை அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நெட் சென்டர் உரிமையாளர்,
பட்டுக்கோட்டை.