பெயர் மறந்த வீரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ரொறன்ரோவிலுள்ள மருமகனின் புண்ணியத்தில் வெள்ளவத்தையிலிருந்தே ஐஸ் ஹொக்கி பார்ப்பவன் நான். 2010இல் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணத்தை வென்ற சிக்காக்கோ அணி, ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்புக்குள் அடங்குவதற்காகத் துணை வீரர்கள் பலரைச் சில வாரங்களிலேயே கைகழுவியது. அவர்களில் ஒருவரான, எதிரணிக் கோல் காப்பாளரின் கண்ணை மறைத்து மலைபோல் நின்ற டஸ்டின் பஃப்ளின், அட்லாண்டா அணிக்குப் போய்த் தற்காப்பு வரிசைக்கு மாறி நட்சத்திரமானார். அன்ட்ரூ லாட் அங்கே அணித்தலைவரே ஆகிவிட்டார்! கிரிஸ் வெர்ஸ்டீக்தான் பாவம்: ரொறன்ரோ, பிலடெல்பியா, புளோரிடா என்று அலைந்து, 2013இல் சிக்காக்கோவுக்கே திரும்பி, 2015இல் மீண்டும் கிண்ணத்தைத் தூக்கினார்.

உங்கள் விளையாட்டுப் பக்கமோ நட்சத்திரங்களின் படத்தோடு நின்றுவிடுகிறது. நம் நாட்டு அணிகளிலிருந்து கழற்றிவிடப்பட்டவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தேடிப்பிடித்து ஒரு பத்தியாவது எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கொழும்பு 6