பகுதி சபையில் வைத்த பின் தீர்மானம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். வட்டாரத் தொழில் அமைப்புகள் அரசிடம் வைக்கும், சட்டத்திருத்தங்கள் உள்ளிட்ட கோரிக்கைப் பட்டியலுக்கு ஓசூர் மாநகராட்சி மன்றத்தின் ஆதரவுத் தீர்மானத்தை நாடுவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். சிப்காட் என்னும் அரசுத் தொழிற்பேட்டை இல்லாமல் ஓசூர் 2019-இல் மாநகராட்சியாக உயர்ந்திருக்காது. 2024-இல் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட விமான நிலையத்தையும், கிருஷ்ணகிரி வழியாக ஜோலார்பேட்டைக்குச் செல்லும் ரயில் பாதையையும் மன்றம் வலியுறுத்துவது முறையானதே. ஆனால், அதே பட்டியலில் சொத்து வரிச் சலுகையோ கட்டட விதித் தளர்வோ சேர்ந்திருக்குமானால், வரி விதிக்கும் மன்றமே வரி செலுத்தும் ஒரு தரப்பின் கோரிக்கையை ஒட்டுமொத்தமாக வழிமொழிந்ததாகிவிடும். அதனால் குறையும் வருவாய் குடிநீருக்கும் சாக்கடைக்கும் ஒதுக்க வேண்டிய பணம் என்பதை உறுப்பினர்கள் மறக்கலாகாது.

சிப்காட்டை ஒட்டிய எங்கள் தெருவில் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள், கோடை வந்தாலே தங்கள் கூலியில் ஒரு பகுதியை லாரித் தண்ணீருக்குக் கொடுக்கிறார்கள். தொழில் வளர்ச்சிக்கு உழைக்கும் அவர்களின் தேவை எந்தத் தொழில் அமைப்பின் பட்டியலிலும் முதலிடம் பெற்று நான் பார்த்ததில்லை. வார்டு குழுவுக்கும், வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளுக்குமான விதிகள் 2022-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆகவே, இத்தகைய பட்டியலை முதலில் எளிய தமிழில் பகுதி சபைகளின் முன் வைத்து, பின்னர் மன்றத்தில் ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே வாக்கெடுப்புக்கு விட வேண்டும். தொழில் நிறுவனங்களில் பங்குள்ள உறுப்பினர்கள் அதை முன்னதாகவே அறிவித்து, அந்த வாக்கெடுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

- வாசகர், ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்